கல்லும் காசும் புகையும்: இசைக்காரர் அச்சோவியத்தில் இறங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இசையில் பல காலம் ஊறியவர் அச்சோவியத்துக்காக, அதாவது தகட்டில் கீறி மை ஏற்றி ஈரத்தாளில் அழுத்தி எடுக்கும் படத்துக்காக, தகடும் ஊசியும் எடுக்கும்போது கூடவே ஒரு நினைப்பும் வந்துவிடுகிறது. “சோதனை முயற்சிதானே, எது வந்தாலும் சரி” என்பதே அது. தாளையும் தகட்டையும் பாழாக்குவது பெரும்பாலும் இந்த நினைப்புத்தான்.

இந்த வழியில் முதலில் பேச வேண்டியவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ். 1978 சனவரியில், 65 வயதில், கலிஃபோர்னியாவில் கேத்தன் பிரவுன் நடத்திவந்த கிரவுன் பாயின்ட் பிரஸ் பட்டறைக்கு அவருடைய அழைப்பின் பேரில் போனார். 1992இல் இறக்கும்வரை அநேகமாக ஆண்டுதோறும் அங்கே போய்வந்தார். காசு சுண்டிக் குறி பார்க்கும் பழைய சீன நூலான ஈ சிங்கின் 64 குறிகளைக் கொண்டு எந்த நிறம், எந்த இடம், எந்தக் கல்லைச் சுற்றிக் கீறுவது என்று தீர்மானித்தார். ஆனால் தாளை நனைப்பது, மையைத் துடைப்பது, உருளையை இறுக்குவது எல்லாம் தேர்ந்த அச்சுக்கலைஞர்களின் கையில் இருந்தன. எதைத் தற்செயலிடம் விடுவது, எதை விடவே கூடாது என்ற பிரிவினை அங்கே தெளிவாக இருந்தது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வீட்டுத் திண்ணையில் தொடங்குகிறவருக்கு அந்தப் பட்டறை ஆட்கள் கிடையாது. ஆகவே இரண்டு வேலையையும் அவரே செய்ய வேண்டும், இரண்டையும் கலக்காமல் செய்ய வேண்டும்.

காசு சுண்டுவதில் வரும் பிழைகள்

முதல் தவறு, கேள்வியை எழுதிவைக்காமல் காசை எடுப்பது. “எத்தனை கல்? எந்தக் கல்? எங்கே? எந்த ஊசி?” என்று தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் 64 எண்களையும் பங்கு பிரித்த பிறகே சுண்ட வேண்டும்.

அடுத்தது, ஆறு சோழியை உருட்டி எத்தனை மல்லாந்திருக்கின்றன என்று எண்ணுவது. தாயம் ஆடிய கைக்கு இது இயல்பாக வரும். ஆனால் அப்படி எண்ணினால் 0 முதல் 6 வரை ஏழு விடைதான், அவையும் சமமாக வராது. சரிபாதி வாய்ப்பு என்று வைத்துக்கொண்டாலும் 64இல் 20 தடவை மூன்று வரும், ஆறு ஒரே தடவைதான் வரும். படம் முழுக்க நடுவிலேயே குவிந்துபோகும். போதாக்குறைக்கு, சோழி சரிபாதியாக விழும் பொருளும் இல்லை. அதன் முதுகு வளைவு ஒரு பக்கத்துக்கே சாதகமாக இருக்கும்.

ஒரு ரூபாய்க் காசை ஆறு தடவை வரிசையாகச் சுண்டுவதே நல்லது. ஆறு சுண்டலுக்கும் முறையே 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. தலை விழுந்தால் அந்த மதிப்பைக் கூட்டு, பூ விழுந்தால் விடு, கடைசியில் ஒன்று சேர். தலை, பூ, தலை, தலை, பூ, பூ என்று விழுந்தால் 32 + 8 + 4 = 44, ஒன்று சேர்த்து 45. 1 முதல் 64 வரை எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு.

கல் பதினைந்து என்றால் 64ஐ எப்படிப் பங்கிடுவது? ஆளுக்கு நான்காகப் பிரித்தால் 60 தீரும், 61 முதல் 64 வரை மிஞ்சும். அந்த நான்கையும் கடைசிக் கல்லின் தலையில் கட்டிவிடுவது வழக்கமான தவறு. அதற்கு இரட்டைப் பங்கு போய்விடும். 60க்கு மேல் வந்தால் மறுபடி சுண்டுவது என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். நம் கணக்கில் 45 என்பது 45–48 பங்கில் விழுகிறது, அதாவது பன்னிரண்டாவது கல்.

இடத்துக்கும் இதே முறை. 32 செ.மீ. அகலமும் 16 செ.மீ. உயரமும் உள்ள தகடு எடுத்தால் கணக்கு எளிது. அகலத்தில் ஒவ்வொரு எண்ணும் அரை செ.மீ., உயரத்தில் கால் செ.மீ. அந்தப் புள்ளியில் வைப்பது கல்லின் நடுவையா, இடது ஓரத்தையா என்பதையும் தகட்டைத் தாண்டி நீளும் கல்லை என்ன செய்வது என்பதையும் சுண்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். பிறகு முடிவு செய்தால் கண் தனக்குப் பிடித்த பக்கம் இழுக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பிடிக்காத விடை வந்ததும் திரும்பச் சுண்டுவது. அப்படிச் செய்யும்போது அது வெறும் விருப்பத் தேர்வாகிவிடுகிறது, நடுவில் காசுக்கு வேலையே இல்லை. விடை சலிப்பாக இருந்தால் மாற்ற வேண்டியது கேள்வியை. கேஜும் தன் வேலை கேள்விகளைத் தேர்ந்தெடுப்பதுதான் என்றே கருதினார்.

இடவலம் மாறும் என்பதை மறப்பது

தகட்டில் இடப்பக்கம் இருப்பது தாளில் வலப்பக்கம் விழும். சாதாரண ஓவியருக்கு இது சின்ன விஷயம். இசைக்காரருக்கு அப்படி இல்லை. அச்சை இடமிருந்து வலமாக வாசிக்கும் சுரக்குறிப்பாகப் பயன்படுத்த நினைத்தால், ஏறவேண்டிய இழைப்பு இறங்கும், முதலில் வரவேண்டிய கல் கடைசியில் வரும். காசு 45 என்று சொன்னால் தாளில் இடமிருந்து 22.5 செ.மீ. என்று பொருள். ஆகவே தகட்டில் வலமிருந்து 22.5 அளந்து வைக்க வேண்டும். தகட்டின் பின்புறம் மார்க்கரால் “வலம் = தொடக்கம்” என்று எழுதிவைத்தால் குழப்பம் வராது.

சுரக்குறிப்பு என்று சொன்னதால் இன்னொன்று. கல்லைச் சுற்றி வரைந்த கோடு மூடிய வளையம், காலமோ பின்னோக்கி ஓடாது. வளையத்தை மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டாக வெட்டி இரண்டு பேருக்குக் கொடுங்கள். ஆர்மோனியத்துக்கும் சாதாரண கீபோர்டுக்கும் இந்தக் கோடு உதவாது, அவற்றில் சுரங்கள் படி படியாகத்தான் இருக்கும். நாகசுரமோ வயலினோ வேண்டும். வில்லுப்பாட்டுக் குழுவில் உடுக்கு இருக்கிறது. இடைக் கயிற்றை அழுத்தி அழுத்திச் சுருதியை வளைப்பவருக்குக் கல்லின் வளைவு கைவந்த பாதை.

கல்லைச் சுற்றிக் கீறும்போது

1983இல் கேஜ் 15 கற்களைத் தகட்டின் மேல் வைத்து, சுற்றி ஊசியால் கீறினார். ஜப்பானின் கியோட்டோ நகரத்து ரியோவான்ஜி கோவில் கல்தோட்டத்தில் இருப்பதும் 15 கற்கள். அந்த வரிசையில் ஒரு படத்துக்கு 15 × 15 × 15, அதாவது 3,375 தடவை கீறல். அதே ஆண்டில் தொடங்கிய ஓர் இசைக்கோவையில் அதேபோல் கல் ஓரங்களை வரைந்து, அந்தக் கோடுகளையே சுர இழைப்புகளாக்கினார்.

இந்த வகை, அமிலம் தொடாத டிரைபாயிண்ட். 1 மி.மீ. செம்புத் தகடு போதும். பழகுவதற்கு 2 மி.மீ. அக்ரிலிக் ஷீட் எடுத்துக்கொள்ளலாம். ஊசி தகட்டை உழும்போது இருபுறமும் மண் தள்ளிய வரப்புப்போல மெல்லிய பிசிர் எழும். மை தங்குவது அந்தப் பிசிரில்தான், கோட்டுக்கு வரும் வெல்வெட் மென்மையும் அதனால்தான். அதைக் குப்பை என்று நினைத்துத் தேய்த்து எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. எடுத்தால் நூல்போல வெளிறிய கோடுதான் மிஞ்சும்.

திற்பரப்புப் பக்கம் கோதையாற்றில் கிடைப்பதுபோன்ற உருண்ட கல்லுக்கு ஒரு குணம் உண்டு. தகட்டைத் தொடும் அடிப்பகுதி சிறிது, வயிறு பெரிது. ஊசியை அடிவரை நுழைக்கப் பார்த்தால் கை சாயும், ஒரு பக்கம் மட்டும் பிசிர் எழும், கோடு பாதி தடித்தும் பாதி மெலிந்தும் வரும். ஊசியை நெட்டுக்குத்தாகப் பிடித்து, கல்லின் வயிற்றை உரசியபடி மெதுவாகச் சுற்றுங்கள். தகட்டில் விழுவது வயிற்றின் அளவு. அதுவே சரி. கல் நழுவாமல் இருக்க அடியில் நகக்கண் அளவு ரப்பர் ஷீட்டுத் துண்டு வைத்தால் போதும். மயிலாடிச் சிற்பக்கூடங்களின் கருங்கல் சில்லு பார்க்க அழகுதான், ஆனால் கூர் விளிம்பில் ஊசி துள்ளித் தகட்டின் குறுக்கே ஓடிவிடும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தகட்டின் நான்கு ஓரத்தையும் அரத்தால் 45 பாகை சரிவாக ராவாமல் அச்சடிக்காதீர்கள். கூர் ஓரம் நனைந்த தாளைக் கத்திபோல வெட்டும், தாளின் மேல் போடும் கம்பளியையும் வெட்டும்.

ரப்பர் ஷீட் உருளையை அப்படியே பிரஸ் ஆக்குவது

குலசேகரம், அருமனை, கடையாலுமூடு பக்கம் ரப்பர் வைத்திருக்கும் வீடுகளில் ஷீட் அடிக்கும் மெஷின் நிற்கும். இரண்டு இரும்பு உருளை, கைச்சக்கரம், இடைவெளியைக் கூட்டிக் குறைக்க இரண்டு திருகு. பார்த்ததும் எட்சிங் பிரஸ், அதாவது தகட்டிலிருந்து அச்செடுக்கும் உருளை மெஷின், என்றே தோன்றும். துணி பிழியும் உருளைகளைப் பிரஸ்ஸாக மாற்றுவது பல நாடுகளில் பழகிய வழி, ஆகவே யோசனை தவறில்லை. தவறு நடப்பது வேறு இடங்களில்.

வரிவரியாகப் பள்ளம் உள்ள டிசைன் ரோலர் கூடவே கூடாது. அதன் வரிகள் அப்படியே தாளில் விழும். பிளெயின் ரோலர் மட்டுமே பயன்படும். அதிலும் தகட்டை நேராக உருளைக்குள் தள்ளக் கூடாது. அடியில் ஓடும் பலகை வேண்டும். பலகை, தகடு, தாள், கம்பளி எல்லாம் சேர்ந்து 10 மி.மீ.க்குக் குறையாது. ஷீட் அடிக்கும் மெஷினோ சில மி.மீ. கனத்துக்கென்று செய்தது. இடைவெளியை அவ்வளவு திறந்தால் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றனவா என்று முதலில் பாருங்கள். விலகினால் அந்த மெஷின் உதவாது. பல்லின் நுனியில் ஓட்டினால் பல் உடையும். பற்கள் நன்றாகக் கவ்வினால் தகட்டுக்கு முன்னால் ஒரு சாண் பலகையைக் காலியாக விடுங்கள். உருளை சிறியதாக இருப்பதால் கனமான அடுக்கைச் சட்டென்று கவ்வாது, முதலில் காலிப் பலகையைப் பிடித்து ஏற வேண்டும். இரண்டு திருகும் சம இறுக்கமா என்று பார்க்க, இரு ஓரத்திலும் ஒவ்வொரு விசிட்டிங் கார்டைச் செருகி இழுங்கள். ஒன்று இறுகி ஒன்று தளர்ந்தால் அச்சின் ஒரு பக்கம் வெளிறும்.

இதைவிட முக்கியம், ஷீட் அடிப்பதற்கு ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைத் தொடாதீர்கள். ரப்பருக்குச் செம்பு எதிரி. மிகச் சிறு அளவு செம்பு பட்டாலும் ஷீட் நாளடைவில் பிசுபிசுத்துக் கெடும். எண்ணெய் மையும் அப்படியே. ஒரு நாள் அச்சுக்காக ஒரு குடும்பத்தின் ஷீட்டைக் கெடுப்பது நியாயமில்லை. கழித்துப்போட்ட மெஷின் கிடைத்தால் மட்டுமே எடுங்கள், எடுத்தபின் அதை மறுபடி ரப்பருக்குத் திருப்பாதீர்கள்.

வில்லில் தொங்கும் மணி, சலங்கை, தந்தி என்று வாத்தியத்தையே தகட்டோடு உருளைக்குள் விட ஆசை வரும். 2 மி.மீ.க்கு மேல் கனமுள்ள எந்த உலோகமும் போகக் கூடாது. மணி நசுங்குவது ஒரு புறம், உருளையில் விழும் பள்ளம் ஆயுசுக்கும் எல்லா அச்சிலும் தெரியும்.

மையும் எண்ணெயும்

மை கெட்டியாக இருக்கிறதென்று தேங்காயெண்ணெய் சேர்ப்பது நம் ஊரில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு. தேங்காயெண்ணெய் உலரும் ஜாதி இல்லை. அச்சு மாதக்கணக்கில் கையில் ஒட்டும், கோட்டைச் சுற்றி எண்ணெய் வட்டம் படரும். சேர்க்க வேண்டியது ஆளிவிதை எண்ணெய், அதுவும் தேக்கரண்டி மைக்கு இரண்டு மூன்று சொட்டு. வேலை முடிந்ததும் தகட்டையும் கையையும் சுத்தப்படுத்துவதற்குத் தேங்காயெண்ணெய் அருமையானது, மண்ணெண்ணெயைவிடப் பாதுகாப்பானது. பிறகு சோப்புத்தூள் போட்டுக் கழுவி, தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படர்ந்து ஓடும்வரை எண்ணெயை நீக்குங்கள்.

மை துடைக்கப் பழைய பனியன் எடுக்காதீர்கள். இளகிய துணி கோட்டுக்குள் இறங்கி மையை உறிஞ்சிவிடும். கஞ்சி போட்டு விறைத்த மல் துணியைப் பந்தாகச் சுருட்டி, தகட்டின் மேலாக வட்டமாக வழியுங்கள்.

புகை அச்சு

1985இலிருந்து கேஜ் நெருப்பைக் கையில் எடுத்தார். பிரஸ்ஸின் படுக்கையில் செய்தித்தாளைக் கொளுத்தி, எரியும்போதே ஈரத்தாளை மேலே போட்டு உருளைக்குள் ஓட்டினார்கள். நெருப்பு நசுங்கி அணையும், புகையின் பழுப்பும் கருகலும் தாளில் பதியும். 1986இல் செய்த ஐம்பது படங்களில் கம்பி என்ற மெல்லிய ஜப்பானியத் தாளைப் புகையூட்டி, காய்ச்சிய இரும்பால் வட்டச் சூடும் வைத்தார்.

இதில் முக்கால்வாசிப் பிழை ஈரத்தில். தாள் 250–300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) பருத்தித் தாளாக இருக்கட்டும். புதுச்சேரிக் கைத்தாள் நன்றாக நிற்கும். அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டு ஒற்றுத்தாளுக்கு நடுவே வைத்து அழுத்தி எடுங்கள். சாய்த்துப் பார்த்தால் மேல்பரப்பில் நீர்ப்பளபளப்பு இருக்கக் கூடாது, புறங்கையில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். பளபளப்பு இருந்தால் புகை பிடிக்காது, செய்தித்தாள் கூழாகி ஒட்டிக்கொள்ளும். சில்லிப்பு இல்லையென்றால் தாளே எரியும்.

செய்தித்தாள் இரண்டு முழு விரிப்பு போதும். கசக்கி, மறுபடி பாதி விரித்து, இரும்புத் தகட்டின்மேல் பரப்பி இரு மூலையில் பற்றவையுங்கள். பாதி கருத்து, மீதியில் தீ உயிரோடு இருக்கும் கணம்தான் சமயம், ஐந்து முதல் எட்டு விநாடி. இருவர் தாளின் நான்கு முனையைப் பிடித்து, உருளைப் பக்கத்து ஓரத்தை முதலில் இறக்க வேண்டும். உடனே பழைய கம்பளிப் போர்வை, உடனே சக்கரம். தீ இல்லாமல் இரண்டு தடவை ஒத்திகை பார்த்தபின்பே தீக்குச்சியைத் தொடுங்கள். தாளம் தெரிந்தவர்களுக்கு இந்த எட்டு விநாடி எளிதில் கைவரும்.

வழவழப்பான வார இதழ்த் தாள் வேண்டாம். அதன் மேல்பூச்சு சரியாக எரியாமல் வெள்ளைச் சாம்பலாக ஒட்டும். போர்வை அசல் கம்பளிதானா என்று பாருங்கள். பாலியெஸ்டர் உருகித் தாளிலேயே பிடித்துக்கொள்ளும். அக்ரிலிக் அல்லது பிளாஸ்டிக் பலகைமேல் இந்த வேலையே கூடாது. செய்தித்தாளின் எழுத்துகள் சில இடங்களில் இடவலம் மாறி லேசாகப் பதியலாம். அதை அழுக்கென்று சுரண்டாதீர்கள்.

எரிபொருளை மாற்றிப் பார்க்கும் ஆசையில் அண்டித்தோட்டைக் கொளுத்திவிடக் கூடாது. முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய் தோலைப் பொத்துப்போக வைக்கும் காரம் உள்ளது, அதன் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். அண்டி ஆபீசில் வேலை பார்த்தவர்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ரப்பர் ஷீட்டைக் காயவைக்கும் புகைப்புரையில் தாளைத் தொங்கவிடுவதும் ஏமாற்றமே. ஒரே சீரான பழுப்பு ஏறும், தீயின் தடம் வராது, நாள்கணக்கில் சூட்டில் கிடந்த தாள் மொறுமொறுத்துப் போகும்.

இடமும் காலமும் பார்க்க வேண்டும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் எரியும் தாள் எங்கே போகும் என்று யோசியுங்கள். ஓலைக்கூரை, கதம்பைக் குவியல், தும்பு காயும் களம் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மூன்று பக்கம் சுவரும் மேலே திறப்பும் உள்ள முற்றம் நல்லது. இரண்டு வாளித் தண்ணீர், ஒரு நனைந்த சாக்கு, பருத்தி உடை.

வட்டச் சூட்டுக்குப் பழைய உலக்கைப் பூண் மிகப் பொருத்தம். செக்கச்செவேலென்று காய்ச்சினால் தாளைத் துளைத்துக்கொண்டு போகும். தோசைக்கல்லில் தெளிப்பதுபோல ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சொட்டு உருண்டோடினால் போதிய சூடு. கழிவுத் தாளில் இரண்டு விநாடி வைத்துப் பார்த்துவிட்டு நல்ல தாளுக்குப் போகலாம்.

மழைக்காலத் தாள்

நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. சூன் தொடங்கி திசம்பர் வரை காற்றில் ஈரம் குறைவது அபூர்வம். நனைத்த தாளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி “நாளை மறுநாள் பார்க்கலாம்” என்று வைத்தால் சாம்பல் புள்ளியாகப் பூசணம் பிடிக்கும். இன்றைக்கு நனைத்ததை நாளைக்குள் முடியுங்கள். அடித்த அச்சை ஒற்றுத்தாளுக்கு இடையே பலகை அழுத்தத்தில் வைத்து, ஒற்றுத்தாளைத் தினம் ஒருமுறை மாற்றுங்கள், நான்கைந்து நாளாவது. நீண்ட வேலையைச் சனவரி முதல் மார்ச் வரைக்கு ஒதுக்கிவைப்பது புத்திசாலித்தனம்.

துருசுத் தண்ணீர் கிணற்றுக்குப் போகக் கூடாது

ஊசியிலிருந்து அரிப்புக்கு, அதாவது கரைசலால் கோட்டை அரிக்கவிடும் முறைக்கு, போகிறவர்கள் அலுமினியத் தகடும் துருசும் (காப்பர் சல்பேட்) எடுப்பது வசதி. ரப்பர் மரத்துக்கு அடிக்கும் போர்டோ கலவைக்கென்று துருசு உரக்கடையில் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் துருசு 50 கிராம், சாப்பாட்டு உப்பு 50 கிராம் என்று தொடங்கலாம். அரிக்கும்போது தகட்டின்மேல் செம்பு சிவப்புச் சேறாகப் படியும். கோழி இறகால் அதை வருடி விலக்கிக்கொண்டே இருக்காவிட்டால் அரிப்பு திட்டுத்திட்டாக நிற்கும். கரைசல் சூடாகும், குமிழி கிளம்பும். சன்னலைத் திறந்து, கையுறையும் கண்ணாடியும் போட்டு வேலை செய்யுங்கள். செம்புத் தகட்டுக்கு உரியது ஃபெரிக் குளோரைடு. அதில் அலுமினியத்தைப் போட்டால் கொதித்துப் பொங்கும்.

நீலம் வெளிறினால் கரைசல் தீர்ந்தது. அதை வாய்க்காலிலோ குளத்திலோ தென்னை மூட்டிலோ கொட்டக் கூடாது. செம்பு மீனைக் கொல்லும், மண்ணிலும் தங்கிவிடும். சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நுரைப்பது நிற்கும்வரை கலக்குங்கள். ஒரு நாள் தெளியவிட்டு, அடியில் தங்கிய சேற்றைத் துணியில் வடித்துக் காயவைத்து, மூடிய டப்பாவில் சேருங்கள். மணவாளக்குறிச்சிக் கரையின் கறுப்பு மணலைத் தகட்டில் தூவி இழைநயம் தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த மணலை நினைத்தபடி அள்ள அனுமதி கிடையாது, அதில் தோரியம் கலந்த மோனசைட்டும் இருக்கிறது. வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

எண்ணிடுவது

ஒவ்வொரு அச்சும் வேறு வேறாக வந்த பிறகு 1/20, 2/20 (இருபது பிரதியில் முதலாவது, இரண்டாவது) என்று எழுதுவது வாங்குகிறவரைத் தவறாக நினைக்கவைக்கும். ஒரே தகடு, ஒரே மை, ஒரே மாதிரி அச்சு என்றால்தான் அந்த எண். புகை அச்சுக்கு 1/1 என்று பென்சிலால் எழுதுங்கள். காசு சுண்டிய தாளையும் அதே எண்ணிட்டு அச்சின் பின்னால் வையுங்கள், ஆனால் ஒட்டாதீர்கள். நம் ஈரத்தில் பசையைத் தேடி வெள்ளிப்பூச்சி வரும்.